சாத்தூரில் நிற்காத நாள்

வெளிநாட்டு வேலைக்குப் போக விருப்பமில்லை என்று என்னிடம் சொல்வதற்காகவே என் மகள் ஒரு நாள் முழுக்க என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவளால் சொல்ல முடியாமல் போனதற்கு வண்டியில் இருந்த குரூஸ் கண்ட்ரோல் பொத்தானைக் குறை சொல்லலாம். ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கியது நான்.

மலையாளம் பேசும் ஊர் எங்களுடையது. அங்கே சாலை பஜார் என்ற கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். நாகர்கோவில், திருநெல்வேலி என்று பைக்கில் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் எடுக்க வேண்டும். பூட்டு, கீல், தாழ்ப்பாள் பற்றி என்றால் பேசுவேன். அதற்கு மேல் யாரிடமும் எனக்குப் பேச்சு வராது. வருடக்கணக்கில் ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்து வலது மணிக்கட்டு கெட்டுப்போயிருந்தது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் விரல்கள் மரத்துவிடும்.

மகள் மதுரையில் நர்சிங் படித்தாள். பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரும் என்பதால் லீவு முடிந்தால் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். கைக்காக நாங்குநேரியில் ஒரு முறை, கயத்தாற்றில் ஒரு முறை, சாத்தூரில் ஒரு முறை நிறுத்துவேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டை அழுத்திவிட்டு, ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுப்பாள். அவள் என் கையைப் பார்ப்பாள், நான் ரோட்டைப் பார்ப்பேன். முகம் பார்க்க வேண்டாம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரும். அவளும் என்னைப் போலத்தான். வீட்டில் எங்களுக்கும் சேர்த்து அவள் அம்மா பேசிவிடுவாள்.

ஒரு பரீட்சையில் தோற்றதை அவள் கயத்தாற்றில் வைத்துத்தான் சொன்னாள். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றது ஏன் என்று சாத்தூரில் சொன்னேன். மலையாளப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள், என் உச்சரிப்பைக் கேட்டு கிளாஸே சிரித்தது, மறுநாள் நான் போகவில்லை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மகள் படித்து முடித்த வருடம் முதலாளியின் மகன் புது பைக் எடுத்தார். அவருடைய பழைய வண்டி எனக்கு வந்தது. அதில்தான் குரூஸ் கண்ட்ரோல் இருந்தது. வேகத்தை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுவிடலாம், வண்டி அதே வேகத்தில் போகும். பிரேக்கைத் தொட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். கடையில் பில் போடுகிறவர் என்னைக் கேலி செய்தார்.

"இனி நீரு வீட்டிலேயே இரும் அண்ணாச்சி. வண்டி தனியா போய் ஆர்டர் எடுத்துட்டு வரும், கேட்டோ."

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஜெர்மனி வேலை கூடிவந்தது. தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே நர்ஸ் வேலையில் இருந்தார்கள். என் மனைவி கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். நான் கடையில் சொன்னேன். வாயைத் திறக்காத ஆள் வலியச் சென்று சொன்னதால் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். மகளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் மொழி வகுப்புக்குப் போய்வந்தாள்.

காலேஜில் இருந்து ஒரிஜினல் சர்டிபிகேட் வாங்க மதுரை போக வேண்டியிருந்தது. தபாலில் வரவழைக்கலாம் என்று அவள் அம்மா சொல்லியும், அப்பாவோடு போகிறேன் என்று அவள் பிடிவாதமாகச் சொன்னாள். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிகாலையில் கிளம்பினோம். ஆரல்வாய்மொழிக் காற்றைத் தாண்டி நாலுவழிச் சாலை வந்ததும் பொத்தானை அமுக்கினேன். நாங்குநேரி போனதே தெரியவில்லை. கயத்தாற்றில் அவள் என் தோளைத் தொட்டாள். நான் வலது கையை ஹேண்டிலில் இருந்து எடுத்து, விரல்களை விரித்து அவளுக்குக் காட்டினேன். எவ்வளவு பெருமை எனக்கு. சாத்தூர் பக்கம் அவள் குனிந்து, காற்றிரைச்சலில் கத்திக் கேட்டாள்.

"அப்பா, இங்கே நிக்காண்டாமா?"

"எதுக்கு மோளே? கை வலிக்கவே இல்ல."

மதுரையில் ஆபீஸ் வரிசையில் நின்றோம், கூட்டமான ஓட்டலில் சாப்பிட்டோம், திரும்பினோம். வரும்போதும் எங்கும் நிறுத்தவில்லை. திருநெல்வேலி தாண்டியதும் அவள் என் முதுகில் தலை சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுகமாக வண்டி ஓட்டியதில்லை என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அடுத்த மாதம் மகள் விமானம் ஏறினாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் இல்லாமல், இப்போதெல்லாம் திருநெல்வேலிக்கு ஒரே ஓட்டமாகப் போய்விடுகிறேன் என்று சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

"அன்னிக்கு நான் போகலன்னு சொல்லத்தான் வந்தேன் அப்பா. நீங்க எங்கேயும் நிறுத்தலையே."

கோபமே இல்லாமல் சொன்னாள். அடுப்படியில் இருந்து வந்த மனைவி போனை வாங்கி, அங்கே குளிர் எப்படி என்று கேட்க ஆரம்பித்தாள்.

வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடு என்று சொல்ல எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஐந்தாவது ஞாயிறு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்ச் சொன்னேன்.

"இப்போ பழகிப்போச்சு அப்பா."

பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். டியூட்டிக்கு நேரமாகிறது, அடுத்த வாரம் கூப்பிடுகிறேன் என்றாள். அடுத்த வாரமும் கேட்டேன். அங்கே மழை என்றாள்.