டாக்டரம்மா கேட்ட கேள்வி

தாராபுரத்திலிருந்து வந்த வண்டிக்காரர்தான் செய்தியைச் சொன்னார். "டாக்டரம்மா போய்ட்டாங்களாமுங்க." காய்ச்சலென்று படுத்தவர் எழவில்லையாம். கையிலிருந்த மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் மரகதம்மாளோடு நர்ஸாக வேலை பார்த்தவள் நான்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி மறந்திருக்காது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, சோறு இறங்கவில்லை என்று பெண்கள் வருவார்கள். வாயைத் திறப்பதோ கூட வந்த மாமியாரும் புருஷனும். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் நாடி பிடிப்பார். பிறகு கேட்பார்: "தூக்கம் வருதுங்களா?" அவ்வளவுதான், பலர் பொலபொலவென்று அழுதுவிடுவார்கள். "தலைவலிக்காரிங்கன்னு எழுதறோம். வாரவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மனசுதானுங்க வலிக்குது" என்பார் என்னிடம். வெளியே நிற்கும் புருஷர்கள் என்னை முறைப்பார்கள். நானும் முறைப்பேன்.

ஒரு நாள் வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். பிள்ளை பெற்ற தன் தங்கை செல்லாத்தாள் குழந்தையைத் தொட மறுக்கிறாள், கிணற்றடிக்கே ஓடுகிறாள், பேயென்று பூசாரியை அழைத்துவிட்டார்கள் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அவளைப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். உச்சிமயிரை மரத்தோடு வைத்து ஆணியடித்து, மயிரை அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடும் என்பது அங்கே வழக்கம். அவள் மயிர் பூசாரியின் பிடியில் இருந்தது. மறு கையில் சுத்தியல்.

டாக்டரம்மா விறுவிறுவென்று போய் மரத்தை மறைத்து நின்றார்.

"ஒதுங்குங்கம்மா! பேய் உங்க மேல ஏறிப்போடும்" என்று பூசாரி கத்தினார். ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டரம்மாவோ மரப்பட்டையைத் தடவிப் பார்த்தார். எங்கும் துருப்பிடித்த ஆணிகள்.

"ஏனுங்க, ஒரே பேய் இத்தனை ஊட்டுப் பொம்பளைங்களையுமா புடிச்சுது?"

எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்த செல்லாத்தாளின் மாமியார் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா?"

"என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?" என்று அந்த அம்மாள் சீறினார். டாக்டரம்மா கண்ணை எடுக்கவில்லை. மாமியார் மரத்தருகே வந்தார். பழைய ஆணி ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இது என்னோடதுங்க. மூத்தவன் பொறந்தப்ப அடிச்சாங்க. அப்பறமும் நான் தூங்கலீங்க."

மருமகளின் கட்டை அவரே அவிழ்த்தார். பூசாரி சுத்தியலைக் கீழே போட்டார்.

செல்லாத்தாள் தேறப் பல மாதங்கள் பிடித்தன. அதுவரை அவளைக் கிணற்றுப் பக்கம் தனியே விடாமல், இரவில் கூடவே படுத்துக் காத்தவர் அந்த மாமியார்தான். இன்று செல்லாத்தாளின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

டாக்டரம்மாவின் துக்க வீட்டுக்கு அந்த மாமியாரும் வந்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "இனி யாருங்க நம்மளையெல்லாம் கேப்பாங்க?" என்று தேம்பினார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டாக்டரம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான். கூட்டத்தை விட்டு அந்த அம்மாளைத் தனியே அழைத்துப் போனேன். கதவைச் சாத்தினேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"தூக்கம் வருதுங்களாம்மா?"