வெறுமையாகக் கிடந்த இடப்பக்கம்

என் பெட்டியின் அடியில் நான்காக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சீனி பொட்டலம் கட்டி வந்த காகிதம். அதில் பென்சிலால் நீண்ட புல்வெளி ஒன்று வரைந்திருக்கிறது. வலப்பக்கம் ஈ மொய்த்ததுபோல் கருப்புப் புள்ளிகள். இடப்பக்கம் வெறுமை. அந்த வெறுமையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. கருப்புப் புள்ளிகளை வைத்தவர் என் அக்காள் புருஷன். சிவப்பை வைத்தவன் நான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் ஒரே பேச்சாக இருந்த நாட்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராக ஓடி, எதிலும் நிலைக்காமல் காஜா பேராங்கில் அக்காள் வீட்டில் வந்து விழுந்தேன். மச்சான் கம்போங் செட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்த செட்டி வம்சம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். நெற்றி நிறைய விபூதி இருக்கும்; வாயைத் திறந்தால் மலாய். எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். தோட்டத் துரைமார்களின் கோல்ஃப் திடலில் அவருக்கு வேலை. துரை பந்தை அடிப்பதற்கு முன்பே வெகுதூரம் முன்னால் போய் நின்று, பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் மட்டைப் பையைச் சுமந்தேன்.

ஒவ்வொரு துரைக்கும் மச்சான் ஒரு காகிதம் வைத்திருந்தார். பந்து விழுந்த இடத்தில் புள்ளி, அது வளைந்து போன வழிக்கு ஒரு கோடு, காகிதத்தின் அடியில் துரையின் கைகள் மட்டையைப் பிடித்திருக்கும் விதம். கூட வேலை செய்த ஆட்கள் அவரைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்கள்.

"என்ன மச்சான், துரைக்கு ஜாதகம் கணிக்கிறியா? கல்யாணம் எப்ப?"

"ஜாதகம் தப்பும்லா. இது போலா, பந்து, விழுந்த இடம். விழுந்தது விழுந்ததுதான்," என்பார் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டே.

பெரிய துரையின் காகிதத்தைப் பார்த்தால் ஒரு மனிதனின் பிடிவாதமே படமாகத் தெரியும். பந்து இடப்பக்கமாகக் கிளம்பும். பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து லாலான் புல்லுக்குள் போகும். அது வளையும் என்று தெரிந்து அவர் இன்னும் இடப்பக்கமாகக் குறிவைப்பார். அது இன்னும் அதிகமாக வளையும். இடது கை மட்டைக்கு அடியில் நழுவி நிற்பதுதான் காரணம் என்று மச்சான் அதையும் வரைந்திருந்தார். இடப்பக்கத்து மரத்தடியில் ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் அந்தத் துரை ஆடும்போது மச்சான் அந்த நிழலில்தான் நிற்பார்.

துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்களில் யாருக்கு வேலை மிஞ்சும் என்று தெரியவில்லை. திடல் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை ஒன்றுதான் நிரந்தரம். அது மச்சானுக்குக் கிடைக்க வேண்டும் என்று அக்காள் கோயிலில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேறு வழி பார்த்தேன். மச்சானுக்குத் தெரியாமல் அந்தக் காகிதத்தை எடுத்துப்போய்ப் பெரிய துரையிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். கீழே இருந்த கைகளின் படத்தை இன்னும் அதிக நேரம் பார்த்தார். இதை வரைந்தவன்தான் அடுத்த மண்டோர் என்றார். காகிதத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். வேலை கையில் வந்தபிறகு சொல்லி மச்சானைத் திகைக்க வைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு வாரம் துரை திடலுக்கு வரவில்லை. பங்களாப் புல்தரையில் ஒரு நாள் விடாமல் அடித்துப் பழகியிருக்கிறார் என்று அவருடைய தோட்டக்காரன் எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

துரைமார்களின் போட்டி நாள் வந்தது. மச்சான் மரத்தடியில் நின்று கையை உயர்த்திக் காட்டினார். துரை வழக்கம்போல் இடப்பக்கமாகக் குறிவைத்தார். ஆனால் இடது கை மட்டையின் மேலே ஏறியிருந்தது. நான் மூன்று அடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன். இனி பந்து வளையாது என்று புரிந்தது. துரை மட்டையை ஓங்கும்போது மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது என்பது பை சுமப்பவனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் சட்டம். நான் மூச்சு விடவில்லை.

பந்து வளையவில்லை. மச்சானோ அது வளையப்போகும் பக்கம் முன்கூட்டியே தலையைத் திருப்பியிருந்தார். அடி வலது கண்ணில் விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கட்டுப் போட்ட முகத்தோடு அந்தக் காகிதத்தைக் கேட்டார். "நான் எங்கேயோ தப்பா வரைஞ்சிட்டேன், தம்பி. இத்தனை நாளும் தப்பாவே பார்த்திருக்கேன். லூ... நீ ஒரு புள்ளி வை, நான் நின்ன இடத்துல." துரைக்குக் காகிதத்தைக் காட்டிய கையாலேயே வைத்தேன். மற்றக் காகிதங்களை எல்லாம் அவர் அடுப்பில் போட்டார். இதை மட்டும் நான் மறைத்துக்கொண்டேன்.

மண்டோர் வேலை வேறொருவருக்குப் போனது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. காப்பி ஊற்றினால் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். அக்காள் சத்தமில்லாமல் துடைப்பாள். முன்பு எதையும் உறுதியாகச் சொல்லும் மனிதர், பிறகு மழை வருமா என்று கேட்டால்கூட, "எனக்கு என்னலா தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சுதந்திரத்துக்கு முன்பே நான் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி வந்து போனேன். அவர் போய்ச் சேர்ந்தபோது பிணத்துக்குத் தோள் கொடுத்தேன்.

இப்போது காகிதத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். மடிப்புகள் கிழிந்திருக்கின்றன, புள்ளிகள் அழியவில்லை. ஒன்றுகூடத் தப்பாக வைத்ததில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் இருந்தது.