சோலார் தகட்டுக்கு வைத்த பொட்டு

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தேனீ வளர்த்தால் அயலவர் சண்டைக்கு வருவார்கள் என்றாள் மனைவி. சண்டை என்று வந்தால் அவள்தான் கதைக்க வேண்டும். எனக்கு வாய் வராது. அதனால் என் தேனீப் பெட்டிகள் லவால் நகருக்கு வடக்கே, ஒரு கியூபெக் கமக்காரரின் பண்ணைக் காணி மூலையில் நிற்கின்றன. போன இலையுதிர் காலத்தில் ஒரு கரடி வந்து அவற்றில் ஒன்றை உடைத்துத் தின்றுவிட்டுப் போனது. அதன் பிறகு சுற்றிவர மின்வேலி போட்டேன். சோலார் தகடு பற்றரியை நிரப்பும்; பற்றரி கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும்.

"பனிக்குள்ளை கரடி நித்திரைதானே, வேலிக்கு என்னத்துக்குக் கரண்ட்?" என்று மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் வெக்கையடிச்சால் எழும்பிவிடும்" என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்த் தகட்டில் பனி தட்டுவதுதான் என் வேலை.

தைப்பொங்கல் சனிக்கிழமையில் வந்தது. அன்று அவளும் கூட வந்தாள்.

"சூரியனிலை ஓடுற சாமான். பொங்கலண்டு இதுக்கொரு பொட்டுக்கூட இல்லையோ?"

தகட்டின் குறுக்கே மூன்று விரலால் திருநீறு குழைத்துப் பூசினாள். நடுவில் அப்பளம் அளவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். குளிரில் எல்லாம் உடனே கல்லாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வேலியின் பற்றரிப் பெட்டியில் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு மினுங்கியது. காரணம் எனக்கு விளங்கியது. ஆனால் பனி தட்டுகிற தும்புத்தடியால் திருநீற்றைத் தேய்க்கக் கை வரவில்லை. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பற்றரியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினியில் சார்ஜ் போட்டேன். திரும்பப் பூட்டினால் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை என்று கமக்காரர் சொன்னார்.

மாசியில் பனி இளகியது. கமக்காரர் ஒரு படம் அனுப்பினார்: சேற்றில் பெரிய கால்தடம், பக்கத்தில் அவருடைய சப்பாத்து. சப்பாத்து சின்னப்பிள்ளையுடையது போல இருந்தது.

இனிச் சொல்லாமல் முடியாது.

"இஞ்சாரும்... அந்தத் திருநீறு..."

"எந்தத் திருநீறு?"

"தகட்டிலை... வெயில் படேல்லை..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உதைச் சொல்ல இவ்வளவு நாளோ? கோயிலிலை சாமிக்கே அபிஷேகம் செய்து பழைய சந்தனத்தைக் கழுவுறவை. வெளிக்கிடுங்கோ!"

தண்ணீர் விட்டால் உறைந்துவிடும். காரில் கண்ணாடி கழுவும் நீலத் திரவம் இருந்தது. அதை நான் தகட்டின்மேல் ஊற்ற, அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். துணியால் துடைத்து, சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பற்றரியையும் பூட்டினேன். பச்சை விளக்கு வந்தது.

சந்தோஷத்தில், கழன்று தொங்கிய தோரணத்தை எடுக்கப்போய்க் கம்பியைப் பிடித்துவிட்டேன்.

நான் போட்ட சத்தத்தில் கமக்காரர் கொட்டகைக்குள் இருந்து ஓடிவந்தார்.

மனைவி சிரித்துச் சிரித்துப் பனியில் குந்திவிட்டாள். "கலியாணம் கட்டின நாள்தொட்டு இந்தக் குரலை எங்கையப்பா ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

அடுத்த சனிக்கிழமை போனபோது கரடியின் தடங்கள் வேலிவரை வந்திருந்தன. கம்பியடியில் சேறு உழுதது போலக் கிடந்தது. அங்கிருந்து நீள நீளமான பாய்ச்சலில் தடங்கள் காட்டுப் பக்கம் திரும்பிப் போயிருந்தன. தேனீப் பெட்டிகளில் ஒவ்வொன்றாகக் காதை வைத்தேன். எல்லாவற்றிலும் இரைச்சல் கேட்டது.

அவள் புதிதாக வைத்த பொட்டு இப்போது வேலிக் கம்பத்தில் இருக்கிறது. அதைத் தகட்டை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான், வாயைத் திறந்து.