காற்றுத் திருகு

அப்பா பிசைந்து கொடுக்கும் சோற்றில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும் அந்த வாசனை, ரசத்திலும் அவித்த முட்டையிலும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கும் டப்பாவிலும் ஏறியிருக்கும். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போனதில், நான்காம் வகுப்பு முழுவதும் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது எங்கள் ஊர். அந்த வருஷம் ஆனி மாதக் காற்றில் அப்பாவின் வள்ளம் அங்கே கவிழ்ந்து, பின்புறம் மாட்டியிருந்த "மிஷின்" என்கிற மண்ணெண்ணெய் எஞ்சின் உப்புத் தண்ணீரில் மூழ்கிப்போனது. வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்கள். ஆனால் மிஷின் இல்லாத வள்ளம் கரையில் கிடக்கத்தான் லாயக்கு. ஒரு மாதத்துக்குள் அம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுப்படியில் அவர் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டால்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதே தெரியும்.

தூத்துக்குடியில் பட்டறை வைத்திருந்த செல்வம் அண்ணாச்சி, செத்துப்போன இரண்டு மிஷின்களைப் பிரித்து அவற்றின் சாமான்களைக் கொண்டு ஒரு மிஷினாக்கி, ஐப்பசி மாதம் ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கொல்லையில் மரச்சட்டம் அடித்து, தண்ணீர் நிறைத்த டிரம்முக்குள் அதன் அடியில் சுழலும் காத்தாடி முங்கும்படி மாட்டினார்கள். கிளம்பும்போது அண்ணாச்சி, எண்ணெய் டேங்கின் மூடியில் இருந்த சின்னத் திருகைத் தொட்டுக் காட்டினார்.

"வே, ஓட்டும்போது இதத் திறந்து வையும். காத்து உள்ள போகலன்னா எண்ணெய் இறங்காது. பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னுரும்."

"தெரியும் அண்ணாச்சி," என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "மிஷின் ஓட ஆரம்பிச்சிட்டுன்னா நான் விடியுமுன்ன கடலுக்குப் போயிருவேன். ஒன்னயத் தனியா விட முடியாது. பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல சேக்கணும்," என்றார்.

மறுநாள் அவர் டிரம்முக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், அந்தத் திருகை விரல் வலிக்கும்வரை இறுக்கி மூடினேன்.

கயிற்றை இழுத்தார். மிஷின் நல்ல சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. கொல்லை முழுவதும் புகை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது திணறியது, இருமியது, நின்றுபோனது. டேங்கின் மூடியைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடி இழுத்தார். மறுபடியும் பத்து நிமிஷம்தான்.

அடுத்த நாள் பிளக்கை மாற்றினார். அதற்கடுத்த வாரம் வடிகட்டியைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். கார்புரேட்டரைப் பிரித்து, பழைய வேட்டியை விரித்து, அதன் துணுக்குகளை வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாக ஊதித் துடைத்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொல்லையில்தான் இருப்பார். மிஷின் ஓடும், நிற்கும். அவர் பெருமூச்சு விட்டு எழுந்து, காபி போடுவார். இரண்டு டம்ளரிலும் மண்ணெண்ணெய் மணக்கும். ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து குடிப்போம். அவர் வீட்டில் இருக்கிறார், அது போதும் என்று எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருமுனை டெலிபோன் கடைக்கு அம்மா கூப்பிடுவாள். எல்லா வாரமும் ஒரே கேள்விதான்.

"மிஷின் சரியாயிட்டா?"

"இன்னும் இல்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்," என்பார் அப்பா.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் சேர்த்து இருக்கச் சொல்கிறார்கள் என்றும், வள்ளம் இப்படிக் கிடக்கையில் வேறு வழி தெரியாததால் சரி சொல்லிவிட்டதாகவும் அம்மா சொன்னாள். அப்பா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். "நல்லாப் படி," என்றாள் அம்மா. திருகைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயந்து, "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பங்குனியில் வேறு வேலையாக ஊருக்கு வந்த செல்வம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கும் வந்தார். மிஷின் நின்றதும், டேங்கிலிருந்து மிஷினுக்கு எண்ணெய் போகும் குழாயின் நடுவே இருந்த ரப்பர் பந்து சப்பையாய் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தார். இரண்டு விரலால் அந்தத் திருகைத் திறந்துவிட்டார். மிஷின் ஒரு மணி நேரம் ஓடியது.

"ஏம்வே, நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

"மறந்துட்டேன் அண்ணாச்சி," என்றார் அப்பா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஆனி பிறந்ததும் ஹாஸ்டலில் சேர்ந்தேன். அம்மா திரும்பி வந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தேன். அவள் தோளுக்குமேல் வளர்ந்திருந்தேன். கொண்டுவந்த உடுப்பு எதுவும் எனக்குப் பற்றவில்லை. அவளை "நீ" என்று கூப்பிட வாய் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பாளையங்கோட்டையில் என் வீட்டில் அப்பா படுக்கையாகக் கிடந்தபோது, அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு காலைவேளையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தெரியும்ட்டி. நீ பள்ளிக்கூடம் போனப்புறம் திறந்துவிட்டு ஓட்டிப் பாப்பேன். நிக்காம ஓடும். நீ வார நேரத்துக்கு மூடி வச்சிருவேன்."

"ஏம்ப்பா?"

"அவளும் இல்ல. நீயும் போயிட்டன்னா அந்த வீட்டுல நான் மட்டும் கெடந்து என்ன செய்ய?" பிறகு, "அவகிட்ட சொல்லிராத," என்றார்.

அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். முகத்துவாரத்தில் இப்போது மணல் மேடிட்டுக் கிடக்கிறது. வள்ளங்கள் வேறு பக்கமாகப் போகின்றன. எங்கள் வீடு இருந்த இடத்தில் யாரோ வலைகளைப் போட்டுவைக்கும் கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்கென்று ஓர் அறையும் கட்டிலும் இருந்தும், மத்தியானம் சமையலறைத் தரையில்தான் பாய் விரித்துப் படுக்கிறாள். குவைத் வீட்டில் அங்கேதான் இடம் கொடுத்தார்களாம், பழகிவிட்டது என்கிறாள். நேற்று சத்தம் போடாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருகைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஆள் வந்த அரவம் கேட்டதும் திடுக்கிட்டு எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "என்ன வேணும்?" என்று கேட்டாள்.