அப்பாவின் பிடிலும் எனக்காக வைத்த நேத்தியும்

வயலின் வில்லுக்குத் தேய்க்கும் றோசின்கட்டியின் பிசின் வாசம்தான் எங்கள் வீட்டின் வாசம். வாவிக் காற்றில் ஏறிவரும் சேற்று மணத்தையும் மீன் மணத்தையும் மீறி அது நிற்கும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியதும் அப்பா வயலின் பெட்டியைப் பூட்டி அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவார். தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு வரும்வரை வீடு யாரோ வெளியூர் போன வீடுபோல் கிடக்கும்.

எங்கள் ஊரான புளியந்தீவில் அப்பாவை "பிடில் மாஸ்டர்" என்பார்கள். இளம் வயதில் கொழும்பில் மேற்கத்திய சாஸ்திரிய இசை பயின்று, அங்கே பெரிய வாத்தியக் குழுவொன்றின் முன்வரிசையில் வாசித்தவர். கலியாணத்துக்குப் பின் ஊரில் ஆசிரியராக இருந்துகொண்டு, கச்சேரி வரும்போதெல்லாம் ரயிலேறிப் போய்வருவார். எங்கள் கோயிலிலும் ஒரு சிறு குழுவைத் திரட்டி அவரே நடத்தினார். அவர் முன்னால் நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டு அன்ரி, "எல்லாரும் வாசிக்கிறாங்க, இவர் குச்சிய ஆட்டிட்டு நிக்கிறார். அதுக்கும் ஒராள் வேணுமா?" என்று அம்மாவைச் சீண்டுவார்.

தவக்காலத்தில் கோயிலில் வாத்தியங்கள் அடங்கியிருப்பது வழக்கம். வீட்டிலும் பிடிலைத் தொடாதிருந்தது அப்பாவின் சொந்த "நேத்தி". நான் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்து, வைத்தியர்களும் கைவிரித்துவிட்டபோது, பிள்ளை பிழைத்தால் ஆயுளுள்ளவரை தவக்காலத்தில் வாசிப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். கொடுப்பதற்கு அவரிடம் அதைவிடப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது கொழும்புக் குழுவை முன்னால் நின்று நடத்தியவர் விலகினார். அந்த இடத்துக்கு அப்பாவைக் கொண்டுவர நினைத்தவர்கள், முதலில் ஒரு கச்சேரியில் அவரே தனி வயலின் வாசித்தபடி குழுவையும் நடத்திக் காட்ட வேண்டும் என்றார்கள். அப்படியொரு மேடைக்காகத்தான் அவர் இளமை முழுவதும் உழைத்திருந்தார். ஆனால் மண்டபம் கிடைத்த நாள் தவக்காலத்துக்குள் விழுந்தது. குழுவின் செயலாளர் ஊருக்கே வந்து மன்றாடினார், அவரோடு வந்திருந்த பங்குச் சுவாமியார்கூட, "நேத்தியிலிருந்து நான் விடுவிக்கிறன் மாஸ்டர். பாவமில்ல, போயிட்டு வாங்க" என்றார்.

"நான் சொல்லு குடுத்தது உங்களுக்கில்லியே சுவாமி. மாதா எண்ட புள்ளயத் தந்திட்டா. இனி நான் சொல்லு மாற ஏலுமா?" என்றார் அப்பா.

செயலாளர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட நான் அழுதுகொண்டே ஓடிவந்து, "நான் செத்திருந்தா நீங்க கொழும்புக்குப் போயிருப்பீங்களாப்பா?" என்றேன்.

"போயிருக்கலாம் மனே. ஆனா பிடிலத் தொட மனசு வந்திருக்காது" என்று என்னைத் தூக்கிக்கொண்டார்.

அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். கொழும்பிலிருந்து பிறகு அழைப்பே வரவில்லை. அப்பா எங்கள் கோயில் குழுவையே கடைசிவரை நடத்தினார். ஒருநாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

இன்று கோயிலில் ஒரு கீபோர்டுதான் எல்லா வாத்தியங்களுக்கும் பதிலாக ஒலிக்கிறது. அப்பாவின் குழுவில் இருந்தவர்களில் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் சேமக்காலையில் சிலுவைகளுக்குக் கீழே. அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது, என் பெயரும் தெரியாது. போன தவக்காலத்தில் தூசு தட்டவென்று பெட்டியை இறக்கிய அம்மா, அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் குசினிக்குள் போயிருக்கிறார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். நேத்தியை மறந்த மனிதருக்கு விரல்கள் மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை.

சத்தம் கேட்டு அம்மா பதறி ஓடிவந்தார். பிடிலைப் பறிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, ஐம்பது வயதைத் தாண்டிய என் நெற்றியில் புறங்கையை வைத்து, காய்கிறதா என்று பார்த்தார்.