கோகப் வாங்கிக்கொண்ட சாவி

என் தங்கை கோகப் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்கோடித் துறைமுகமான பந்தர் அப்பாஸுக்கு ஓடிப்போய் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட லாரிக்காரப் புருஷன், மகள் தனக்குத்தான் என்று வழக்குப் போட்டான். சட்டம் அவன் பக்கம் இருந்தும் மகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ஈரானில் எங்கள் ரஷ்த் நகரத்து ஆஸ்பத்திரியில் தன்னோடு தரை துடைக்கும் பன்னிரண்டு பெண்களுக்கு, நாலு வருஷம் கேட்டுக் கேட்டு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தாள். நாற்பத்தைந்து வயதில் எழுத்தறிவு வகுப்பில் தேறினாள். பூட்டிக் கிடந்த அறையிலிருந்து 412 பெட்டி மருந்தை வெளியே கொண்டுவந்தாள். ஜெர்மனியில், கொலோனில் இருக்கும் எங்கள் தம்பி பெஹ்ராதின் வாயால் "நான் சொன்னது தப்புக்கா" என்று ஒரு வாக்கியம் வாங்கினாள். போன மாதம் மகள் தெலாராமின் இருபத்து நாலாவது பிறந்தநாளைக் கொண்டாடினாள். தோற்றது ஒரு வேலை. தங்கையைப் பற்றிப் பெருமையடிக்கிறேன் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும்.

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கோகப்பைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே இல்லை. அவளுக்கு ஏழு வயதானபோது போர் நடந்துகொண்டிருந்தது, அப்பா எல்லையில் இருந்தார், வயலில் நாற்று நட அம்மாவுக்கு ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. அந்தக் கை கோகப்புடையது. அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் மைப்பெட்டியில் சுட்டுவிரலை அழுத்தி வைப்பதுதான் அவள் வழக்கம். கல்யாணத்துக்கும் அதுதான், விவாகரத்துக்கும் அதுதான்.

தெலாராமுக்குப் பிறவியிலேயே இரத்தம் ஊறாத நோய். எங்கள் காஸ்பியன் கரையில் வீட்டுக்கு வீடு தெரிந்த நோய்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். அதை இறக்க வாரத்தில் ஐந்து இரவு வயிற்றில் ஊசி குத்தி, சிறிய பம்பு வைத்து மருந்து ஏற்ற வேண்டும். ஒரு இரவுக்கு நாலு குப்பி. மருந்து ஐரோப்பாவிலிருந்து வரும், நீலப் பட்டை போட்ட பெட்டியில், பெட்டிக்குப் பத்துக் குப்பி.

எங்கள் கணக்கில் 1397இல், உலகக் கணக்கில் 2018இல், அமெரிக்கா மறுபடியும் தடை போட்டது. மருந்துக்குத் தடை இல்லை என்று அவர்கள் வானொலியில் சொன்னார்கள். மருந்துக் கம்பெனி எழுதிய கடிதத்தை, கோகப் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே தெலாராமுக்கு இரத்தம் ஏற்றும் வார்டின் டாக்டர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். விற்க எங்களுக்குச் சம்மதம், ஆனால் உங்கள் பணத்தைத் தொட எங்கள் வங்கி பயப்படுகிறது என்று எழுதியிருந்தது. இவ்வளவு மரியாதையாகக் கழுத்தை நெரிக்கும் கடிதத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷம், 1398 கோடையில் கடலில் எண்ணெய்க் கப்பல்கள் எரிந்தன. இன்றைக்குக் குண்டு விழும், நாளைக்கு விழும் என்று ரொட்டி வரிசையில் பேசிக்கொண்டார்கள். அதே கோடையில் அந்த வார்டில் இரண்டு குழந்தைகள் இதயம் நின்று இறந்தார்கள். படுக்கையைத் துடைத்துத் துணி மாற்றியவள் கோகப்.

அந்தக் கோடையின் தீர் மாதம் 11ஆம் தேதி, மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் ஹாஜி ஹம்ஸவி ஒரு காகிதத்தோடு வார்டுக்கு வந்தார். மருந்து கேட்டு மனு, சீக்கிரம், இன்றைக்கே தெஹ்ரானுக்குப் போக வேண்டும் என்றார். கோகப் அப்போது எழுத்தறிவு வகுப்புக்குப் போக ஆரம்பித்து ஒன்பது மாதம். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் பெரிய மனுஷரை நிற்க வைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டக் கூச்சப்பட்டு, விரலை வைத்துவிட்டாள். முப்பத்தொரு தாய்மாரும் வைத்தார்கள்.

நாலாம் நாள், மனு என்று சொன்ன அந்தக் காகிதம் பத்திரிகையில் வந்தது, கோகப்பின் படத்தோடு. "எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே குறை அந்நியனின் தடை. இரவு பகலாக உழைக்கும் அதிகாரிகளுக்கு நன்றி." கீழே வரிசையாக விரல் ரேகைகள்.

அன்றைக்கே பெஹ்ராத் போன் செய்தான். கோகப் என் கடையில் வைத்துத்தான் பேசினாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் முழுவதும் கேட்டேன்.

"என்னக்கா இது? அவங்களுக்கு நீ ஊதுகுழல் ஆயிட்டியா? இங்க என் மூஞ்சில எல்லாரும் காறித் துப்புறாங்க."

"துப்பினா தொடச்சுக்க. நான் தினமும் அந்த வேலையத்தான் பாக்குறேன்."

"தடை இன்னும் இறுகணும்க்கா. அப்பதான் இவனுங்க விழுவானுங்க. நாங்க இங்க ஒவ்வொரு கம்பெனி வாசல்லயும் நிக்கிறோம். ஈரானுக்கு யாரும் எதையும் விக்கக் கூடாது."

"எதையுமா?"

"எதையும்."

"ஊசியையுமா, தம்பி?"

அவன் குரல் இறங்கியது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கக் கூடாதா?"

"எத்தனை நாள்னு சொல்லு. தெலாராம்கிட்ட சொல்லணும். அவ ஈரல்கிட்டயும் சொல்லணும். அதுக்கு அரசியல் புரியாது பாரு."

வைத்துவிட்டாள். எனக்குத் தம்பி மேல் முழுக் கோபம் வரவில்லை. அவனைப் பல்கலைக்கழகத்திலிருந்து இழுத்துப்போய் எண்பத்தெட்டு நாள் வைத்திருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவன் காதில் ஒன்று இன்றும் கேட்காது. அவர்கள் ஒழிய வேண்டும் என்று அவன் கேட்பது நியாயம். ஆனால் அதற்கான விலையைத் தெலாராமின் வயிற்றிலிருந்து எடுக்கச் சொன்னபோது கையிலிருந்த கத்தரியைச் சுவரில் எறிந்தேன். அந்தத் தழும்பு சுவரில் இருக்கிறது.

கோடை முடிந்து மெஹர் மாதத்தில் கோகப்பைக் கீழ்த்தளம் துடைக்கப் போட்டார்கள். பழைய சலவை அறைக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு போட்ட அறை. ஒருநாள் அது அரையாகத் திறந்திருந்தது. உள்ளே நீலப் பட்டை, அடுக்கடுக்காக. மேலே வார்டில் இல்லை, இல்லை என்று சொன்ன பெட்டிகள். அவற்றில் ஒன்று தெஹ்ரான் கள்ளச்சந்தைத் தெருவில் என்ன விலைக்குப் போகும் என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள். அங்கே போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள்தானே எல்லாரும்.

அன்று மாலை என்னிடம் சொன்னாள். புகார் கொடு என்றேன்.

"யார்கிட்ட அண்ணே? ஹம்ஸவியப் பத்தி ஹம்ஸவிகிட்டயா?"

அடுத்த மாதம், ஆபான் 12, ஞாயிற்றுக்கிழமை. தடையின் கொடுமையைக் காட்ட அரசுத் தொலைக்காட்சியோடு இரண்டு வெளிநாட்டு நிருபர்களை வார்டுக்குக் கூட்டி வந்தார்கள். ஹாஜி ஹம்ஸவி படுக்கை படுக்கையாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெலாராம் அன்று இரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருந்ததால் நானும் அங்கே இருந்தேன். ஒரு நிருபர், மருந்துக் கிடங்கில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்று கேட்டார். ஹாஜி சிரித்தார். தேநீர்த் தட்டோடு நின்ற கோகப்பைக் கையால் காட்டினார்.

"இந்தத் தாய்மாருக்கு நாங்க மறைக்க என்ன இருக்கு? ஆஸ்பத்திரியே இவங்களோடதுதான். இந்தாங்க கோகப் கானும், சாவி. உங்க சொத்து."

தரை துடைக்கிறவளைக் கானும், அதாவது அம்மணி என்று அழைத்து, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

எங்கள் ஊரில் டாக்சிக்காரன்கூடப் பணம் கொடுத்தால் முதலில் "வேண்டாங்க, உங்களுக்கு இல்லாததா" என்பான். நாம் கொடுப்போம், அவன் மறுப்பான், நாம் வற்புறுத்துவோம், வாங்கிக்கொள்வான். அவன் வேண்டாம் என்றதை நம்பி இறங்கிப் போகிற ஆள் இந்த நாட்டில் பிறக்கவில்லை. ஹாஜி நீட்டிய சாவியும் அப்படித்தான். மறுப்பது கோகப்பின் கடமை. அவள் மறுத்தாள்.

"ஐயோ, வேண்டாங்க ஹாஜி. உங்க கையிலயே இருக்கட்டும்."

"இல்ல இல்ல, புடிங்க."

"உங்க நிழல் எங்க மேல இருந்தாப் போதுங்க. வேண்டாம்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜிக்கு அந்தக் காட்சி பிடித்துப்போய்விட்டது. நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "என் உயிர் மேல ஆணை கோகப் கானும், வாங்கிக்கத்தான் வேணும்!"

கோகப் தேநீர்த் தட்டைத் தெலாராமின் கட்டில் ஓரத்தில் வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள்.

"மூணு தடவ சொல்லிட்டீங்க. இதுக்கு மேல மறுத்தா உங்களுக்கு மரியாதக் குறைவு."

படி இறங்கிப் போனாள். ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு நிருபர்கள் பின்னால் ஓடினார்கள், அவர்கள் பின்னால் தாய்மார், எல்லாருக்கும் பின்னால் ஹாஜி. இரும்புக் கதவுக்கு மூன்றாவது சாவி பொருந்தியது.

அவள் பெட்டிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே உரக்க எண்ணினாள். தாய்மார் கைமாற்றி வாங்கி நடைபாதையில் அடுக்கினார்கள். ஹாஜி கத்தினார்: "நான் உபசாரத்துக்குச் சொன்னேன்! வெறும் உபசாரத்துக்கு!"

"தெரியும் ஹாஜி. நானும் ரெண்டு தடவ உபசாரத்துக்குத்தான் வேண்டாம்னேன். இருநூத்திப் பதினேழு, இருநூத்திப் பதினெட்டு..."

ஒரு தாய் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோடையில் மகன் போனவள் அவள்.

மொத்தம் 412 பெட்டி. முப்பத்தொரு நோயாளிகள், ஆளுக்குப் பதின்மூன்று. மிஞ்சிய ஒன்பதைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டு நிருபர், அப்படியானால் தடை ஒரு சாக்குத்தானா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். கோகப் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது ஆறரை வாரத்துக்கு வரும் ஐயா. ஏழாவது வாரத்துக்கு உங்க ஊர் பேங்குதான் வழி விடணும். இவன் திருடன். அதுக்காக நீங்க நல்லவங்க ஆயிடுவீங்களா? எங்களுக்கு வரவேண்டிய நூறு பெட்டில தொண்ணூற நீங்க நிறுத்தினீங்க. வந்த பத்த இவன் பூட்டினான். ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதினா உங்களுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?"

அரசுத் தொலைக்காட்சி எதையும் காட்டவில்லை. வெளிநாட்டில் ஹாஜி கத்தியதை மட்டும் காட்டி, கடைசிப் பேச்சை வெட்டிவிட்டார்கள் என்று பெஹ்ராத் பிறகு சொன்னான். அன்றுதான் அவன் அந்த "தப்புக்கா" என்ற வாக்கியத்தையும் சொன்னான். அந்தக் குளிர்காலம் முதல் இன்று வரை, கொலோனிலிருந்து வருகிற யாராவது ஒருவர் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் குப்பிகள் வந்துகொண்டிருக்கின்றன. கம்பெனி வாசலில் அவன் இப்போதும் நிற்கிறான். கையில் பிடிக்கும் அட்டையில் "மருந்து நீங்கலாக" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். ஆபான் 24 அன்று பெட்ரோல் விலையை ஏற்றினார்கள், ஜனம் தெருவுக்கு வந்தது, இணையத்தை அணைத்துவிட்டுச் சுட்டார்கள். எங்கள் தெருப் பால்கடைக்காரரின் மகனைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தது ஒரு பை நிறைய அவன் துணி மட்டும். கேமரா எல்லாம் ஊருக்குப் போய்விட்டது. ஒரு மாதம் போய், இனி யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கோகப்பைக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு அலுவலகம். குடும்பத்தில் ஒரு ஆண் உடன் வர வேண்டும் என்றதால் போனேன். அன்று வீட்டில் பதினாறு குப்பி மிச்சம் இருந்தது. நாலு இரவு. கிளம்பும்போது தெலாராம் அம்மாவின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டு, "என் பேரச் சொல்லிக் கேட்டாங்கன்னா விரல வச்சுடாதம்மா" என்றாள். கோகப் செருப்பை மாட்டினாள்.

மேஜைக்குப் பின்னால் இளம் வயது அதிகாரி. ஒரு காகிதம், ஒரு மைப்பெட்டி.

"அம்மா மாதிரி இருக்கீங்க, அதனால சுருக்கமா முடிச்சுடலாம். அந்த அறையில இருந்தது காலாவதி மருந்து. அந்நியன் தூண்டி விட்டு நீங்க பேசினீங்க. அவ்வளவுதான். விரல வச்சா வேலை இருக்கும், பொண்ணுக்கு மாசாமாசம் மருந்து நானே அனுப்புறேன். இல்லேன்னா ரெண்டும் இல்ல."

கோகப் என்னைப் பார்த்தாள். வை என்றும் சொல்ல முடியவில்லை, வைக்காதே என்றும் சொல்ல முடியவில்லை. பதினாறு குப்பிதான் மண்டைக்குள் நின்றது.

அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"படிச்சுக்கறேன்."

"நான்தான் சொல்லிட்டேனே?"

"போன தடவையும் சொன்னாங்க."

எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். பதினோரு வரிக்கு இருபது நிமிஷம் ஆனது. அதிகாரி பேனாவைத் தட்டினான், கடிகாரத்தைப் பார்த்தான், எழுந்து சன்னல் பக்கம் போனான். அவள் வேகப்படுத்தவில்லை. எட்டாவது வரியில் நின்றாள். அதில் "காலமான இரு குழந்தைகளும் குடும்பத்தாரின் கவனக்குறைவால்" என்று இருந்தது. அதை அவன் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள், இந்த முறை கூட்டாமல், நேராக.

மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு அவன் பேனாவை எடுத்தாள். எழுத்தறிவுச் சான்றிதழ் வாங்கிய பதிவேட்டில்கூட, கோணலாக வரும் என்று வெட்கப்பட்டு விரல்தான் வைத்தவள். பதினோரு வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்: "இது பொய். 412 பெட்டி. எல்லாம் நல்ல மருந்து. நான் எண்ணினேன்."

"யோசிச்சுக்கங்க," என்றான் அவன். "பொண்ண யோசிங்க."

"அவளத்தான் யோசிக்கிறேன்," என்றாள்.

காகிதத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் தேதியையும் அவளே போட்டாள்: 1398, ஆஸர் மாதம் 23, சனிக்கிழமை.