பெயின்ட் வாளிப் புகைபோக்கி

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் எது உடைந்தாலும் எது ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில், கொழுந்தைக் காய வைக்கும் சூளைக்கு விறகு போடுவது என் வேலை. மற்ற நேரத்தில் கையில் குறடும் கம்பியும் இல்லாமல் என்னை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம். லீக்ஸ், கோவா என்று காய்கறி போடுவோம். காட்டுப்பன்றி வந்து கிளறத் தொடங்கியபோது, சுற்றிக் கம்பி இழுத்துத் தகர டின்களைத் தொங்கவிட்டேன். பன்றி மூக்கால் தட்டினால் போதும், லயமே எழும்பிவிடும். வெயில் மாதங்களில் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய் நூலாக வடியும். பிளாஸ்டிக் போத்தல் மூடிகளில் ஊசியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, போத்தல்களைக் கன்றுகளின் பக்கத்தில் தலைகீழாக நட்டு வைத்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கி, ஒரு போத்தல் இரண்டு நாளைக்கு வந்தது. டயகமவில் இருந்து ஒரு வாத்தியார் அதைப் பார்க்கவென்றே வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இவை எல்லாவற்றுக்கும் கம்பியைப் பிடித்துக் கொடுத்தவள் என் மனைவி. பகலில் மலையில் கொழுந்து பறிப்பாள். காலையும் மாலையும் குசினியில் நிற்பாள். எங்கள் குசினி இரண்டு ஆள் சேர்ந்து நிற்க முடியாத இடம். ஜன்னல் கிடையாது. அடுப்பு மூட்டினால் புகை கூரைத் தகரத்தில் முட்டி, சுவருக்கு மேலே இருந்த இடைவெளியால் பக்கத்து வீட்டுக்கும் போகும். மிச்சம் அவளுக்கு.

ஒரு தடவைதான் அவள் கேட்டாள். கல்யாணமாகி நாலைந்து வருடம் இருக்கும். மழைக்காலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள்.

"இந்தப் பொகைக்கும் ஒண்ணு செய்யுங்களேன்."

நான் பன்றிக்கு டின் கட்டிக்கொண்டிருந்தேன். "வெறகு ஈரம். காய வச்சு எரி. தகரத்துல ஓட்ட போடணும்னா தொரைகிட்ட கேக்கணும், அவரு விடமாட்டாரு" என்றேன்.

தோட்டத்து மேனேஜரான அந்தத் துரையிடம் நான் கேட்கவே இல்லை. அவளும் அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் எங்கள் மகள் ஒரு கேஸ் அடுப்பு வாங்கித் தந்தாள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. பிறகு நாட்டில் சிலிண்டரே கிடைக்காத நாட்கள் வந்தன. மறுபடியும் விறகு. அந்த வருடம்தான் மனைவியின் இருமல் நிற்காமல் போனது. மலை ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று கூடப் பறிக்கும் பெண்கள் சொன்னார்கள்.

ஹட்டனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்து அம்மா. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கள் சிகரெட் பிடிக்கிறனீங்களோ?"

மனைவி சிரித்துவிட்டாள். "நான் எங்கங்க டாக்டரம்மா..."

"சமையல் எதில?"

"வெறகுலதாங்க."

"புகை வெளியில போக வழி இருக்கோ?"

அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். "லயத்து வீட்டுல அதுக்கெல்லாம் எடமில்லீங்க" என்று எனக்காக அவளே பதில் சொன்னாள்.

நுரையீரல் இரண்டும் பழுதாகிவிட்டன, இனி அந்தப் புகையில் நிற்கவே கூடாது என்றார் டாக்டர். ஸ்டோரின் பெரிய புகைபோக்கியை மாதம் ஒரு தடவை சுத்தம் செய்பவன் நான். புகை எப்படி மேலே இழுக்கும், எங்கே முட்டித் திரும்பும் என்பது எனக்குக் கைரேகை மாதிரி. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

மறுநாளே தொடங்கினேன். ஸ்டோருக்கு வர்ணம் அடித்தபோது மிஞ்சிய தகரப் பெயின்ட் வாளிகள் கிடந்தன. அடியை வெட்டி, வெளியே நெருப்பில் போட்டுப் பெயின்டை எரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினேன். முதலில் சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டேன். காற்று திருப்பி அடித்து, முன்பைவிட மோசம். அதை அடைத்துவிட்டுக் கூரைத் தகரத்தை வெட்டி மேலே ஏற்றினேன். புகை போனது, ஆனால் மழை இறங்கிச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயைச் சுற்றிக் கட்டித் தார் பூசினேன். உச்சியில் ஓட்டைச் சட்டி ஒன்றை மூன்று கம்பிக் காலில் கவிழ்த்தேன். தார் பீப்பாய்த் தகரத்தில் அடுப்புக்கு மேலே ஒரு குடையும் செய்தேன்.

மொத்தம் பதினோரு நாள் வேலை.

வேலை முடிந்த மறுநாள் காலை அவள் ரொட்டி சுட்டாள். கண்ணைத் துடைக்கவில்லை. பாதியில் அடுப்பை விட்டு வெளியே போய், கூரையை அண்ணாந்து பார்த்தாள். "எவ்வளவு லேசா போகுது பாருங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, உப்புக் குறைவு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்: "இத அப்பவே செஞ்சிருக்கலாம்."

நான் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

சில நாள் கழித்துத் துரை லயத்துப் பக்கம் வந்தார். கூரையைப் பார்த்தார். குழாயையும் பார்த்தார். கக்கூஸ் குழி நிறைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அந்தக் குசினியில் அவள் நான்கு மாதம் சமைத்தாள். ஐப்பசி மழையில் மூச்சு முற்றிலும் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள், "குசினியில தண்ணி எறங்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். மகள் கொழும்பில் இருந்து வந்து சேர்ந்த அன்று பிற்பகல் மனைவியின் உயிர் போனது.

கருமாதிக்கு லயத்துப் பெண்கள் எங்கள் அடுப்பில் சமைத்தார்கள். காலையில் இருந்து நின்ற ஒருத்தி, "இங்க கண்ணே எரியலியே" என்று மற்றவளிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் குனிந்து விறகைத் தள்ளினாள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கைக்குழந்தைக்காரி. முன்வாசல் இஸ்தோப்பில் நின்று தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு தாறீங்களா? அவசரமில்லண்ணே, மனசு ஆறினதும் செய்ங்க."

மனசு ஆறுவது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. வாளிகள் இன்னும் ஆறேழு இருந்தன. குறடை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அவளுடைய குசினிக்குள் நான் நுழைந்ததும் புகையில் எனக்கு இருமல் வந்தது. ஒரு கால் மணி நேரம்கூட என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். பிறகு எழுந்து போய் அளவு எடுத்தேன்.